சுவிட்ச் இல்லாத கருவி: நீரோட்டத்தை ஒலியால் அளப்பது எப்படி?

நீரோட்டத்தை ஒலியால் அளக்கும் ஏடிசிபி என்ற கருவியை முதன்முதலாகக் கையில் வாங்குபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சுவிட்ச் எங்கே என்று தேடுகிறார்கள். பெரும்பாலான மாதிரிகளில் சுவிட்ச் கிடையாது. விளக்கு கிடையாது, திரையும் கிடையாது. தடித்த உருளை ஒன்று, அதன் ஒரு முனையில் சாய்வாகப் பதித்த நான்கு வட்ட முகங்கள், கேபிள் செருக ஒரு கனெக்டர். வெளியே தெரிவது அவ்வளவுதான். கடலடியில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டிய பொருளில் ஒவ்வொரு துளையும் தண்ணீர் நுழைய ஒரு வழி. அதனால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, தவிர்க்க முடியாத ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

அந்த ஒரே வழியாகத்தான் கருவியை எழுப்ப வேண்டும், நலம் விசாரிக்க வேண்டும், வேலை சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் போன பிறகு அதனுடன் பேச வழியே இல்லை. கரையிலோ படகின் தளத்திலோ நீங்கள் செலவிடும் அந்த ஒரு மணி நேரம்தான் பின்னால் வரப்போகும் பல மாதத் தரவின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. கட்டளைகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அந்த நேரத்தில் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒலி தண்ணீருக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தவர்களுக்குக் கட்டளைகள் தாமாகவே விளங்கிவிடும். ஆகவே முதலில் ஒலியைப் பார்ப்போம்.

எதிரொலியில் ஒளிந்திருக்கும் வேகம்

ஏடிசிபி என்பது அக்கௌஸ்டிக் டாப்ளர் கரண்ட் புரொஃபைலர் என்பதன் சுருக்கம். ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியிலிருந்து நீரோட்டத்தின் வேகத்தையும் திசையையும் ஆழவாரியாகச் சொல்லும் கருவி.

டாப்ளர் என்ற பெயர் கிறிஸ்டியன் டாப்ளரிடமிருந்து வந்தது. நகரும் மூலத்திலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறித் தெரியும் என்று 1842-இல் அவர் சொன்னார். 1845-இல் பைஸ் பாலட் என்ற டச்சு அறிவியலாளர் அதை ரயிலில் வைத்தே சோதித்துப் பார்த்தார். எக்காளம் ஊதுபவர்களை ரயிலில் ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் சொன்னார். சுரம் பிரித்தறியக்கூடிய இசைக் கலைஞர்களைப் பாதையோரம் நிற்க வைத்தார். ரயில் நெருங்கும்போது சுரம் ஏறியது, விலகும்போது இறங்கியது. ஆம்புலன்ஸ் நம்மைக் கடந்து போகும்போது நாம் கேட்பதும் அதேதான்.

இனித் தண்ணீருக்குள் வாருங்கள். கருவியின் ஒவ்வொரு வட்ட முகமும் ஒரு டிரான்ஸ்டியூசர். உள்ளே பீங்கான் வில்லை இருக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் அது அதிர்ந்து ஒலி எழுப்பும். திரும்பி வரும் ஒலி அதன் மேல் பட்டால் மின்னழுத்தம் தரும். வாயும் காதும் ஒன்றே. கருவி அனுப்பும் குறுகிய ஒலித் துடிப்புக்குப் பிங் என்று பெயர். பிங் தண்ணீரில் மோதித் திரும்புவதில்லை. தண்ணீர் ஒலிக்கு வழிவிடும் பொருள். அதில் மிதக்கும் சிற்றுயிர்கள், வண்டல் துகள்கள் ஆகியவற்றில் பட்டுத்தான் ஒலியின் மிகச் சிறு பங்கு திரும்பி வருகிறது. அந்தத் துகள்கள் நீரோடு நீராக அடித்துச் செல்லப்படுகின்றன என்பதே இந்த முறையின் அடிப்படை நம்பிக்கை. துகள் கருவியை நோக்கி வந்தால் எதிரொலியின் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும்.

எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும்? 600 கிலோஹெர்ட்ஸ் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடல்நீரில் ஒலி நொடிக்கு சுமார் 1500 மீட்டர் செல்கிறது. துகள் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நேராகக் கருவியை நோக்கி வந்தால் மாற்றம் 800 ஹெர்ட்ஸ். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என்று மாற்றம் இரட்டிப்பாவதால் இந்த எண். ஆனால் ஒவ்வொரு முகமும் அனுப்பும் ஒலிக் கற்றை செங்குத்திலிருந்து 20 டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. கிடைமட்டமாக ஓடும் நீரின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கற்றையின் வழியே தெரியும். நொடிக்கு 10 சென்டிமீட்டர் ஓடும் நீர் 6,00,000 ஹெர்ட்ஸில் உண்டாக்கும் மாற்றம் வெறும் 27 ஹெர்ட்ஸ். இதைப் பிரித்தெடுக்கிறது என்பதுதான் இந்தக் கருவியிடம் எனக்கு இன்றும் தீராத வியப்பு.

ஆழம் எப்படித் தெரிகிறது? நேரத்தை வைத்துத்தான். 30 மீட்டர் தொலைவிலிருந்து எதிரொலி வர 40 மில்லிநொடி ஆகும். 31-ஆவது மீட்டரிலிருந்து வருவது அதற்கு ஒன்றேகால் மில்லிநொடிக்குச் சற்றுப் பின்னால் வந்து சேரும். கருவி கேட்கும் நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேகம் கணக்கிடுகிறது. அந்தத் துண்டுகளை அடுக்குகள் என்று வைத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எக்மன் வடிவமைத்த நீரோட்டமானியில் நீரின் விசையில் ஒரு விசிறி சுழலும்; சிறு உலோகக் குண்டுகள் திசைகாட்டியின் வழியே உருண்டு, 36 அறைகள் கொண்ட பெட்டியில் விழும். எந்த அறையில் எத்தனை குண்டுகள் என்று எண்ணித் திசையைக் கண்டார்கள். அழகான கருவி. ஆனால் இறக்கிய அந்த ஒரே ஆழத்தைப் பற்றி மட்டுமே அது சொல்லும். ஏடிசிபி இருந்த இடத்திலிருந்தே பல பத்து அடுக்குகளைச் சொல்கிறது.

நான்கு கற்றைகள் எதற்கு? கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு, மேல்-கீழ் என மூன்று திசை வேகங்களைக் காண மூன்று கற்றைகளே போதும். நான்காவது ஒரு சாட்சி. ஒரு ஜோடிக் கற்றைகள் சொல்லும் செங்குத்து வேகமும் அடுத்த ஜோடி சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எங்கோ தவறு. பெரும்பாலும் ஏதேனும் ஒரு கற்றைக்குள் மீன் புகுந்திருக்கும். இந்த வேறுபாட்டைப் பிழை வேகம் என்ற பெயரில் கருவியே பதிவு செய்கிறது. புதியவர்கள் பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கற்றைகள் விரிந்துகொண்டே போகின்றன. 100 மீட்டர் தொலைவில் எதிரெதிர்க் கற்றைகளுக்கு இடையே 70 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும். அந்த நான்கு இடங்களிலும் நீர் ஒரே மாதிரி ஓடுகிறது என்று கொண்டுதான் கருவி வேகத்தைச் சொல்கிறது. பரந்த கடலில் பெரும்பாலும் இது சரி. பாறைக்கோ பாலத் தூணுக்கோ அருகில் சுழிக்கும் நீரில் சரியல்ல.

எந்த அதிர்வெண்ணைத் தேர்வது என்பது எவ்வளவு தொலைவு பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. அதிர்வெண் கூடக் கூட நீர் ஒலியை விரைவாக விழுங்கிவிடும். 1200 கிலோஹெர்ட்ஸ் கருவி சுமார் 15 முதல் 20 மீட்டர் வரை பார்க்கும். 600 சுமார் 50 மீட்டர். 300 சுமார் 100 மீட்டர். 75 கிலோஹெர்ட்ஸ் சில நூறு மீட்டர் போகும். 38 கிலோஹெர்ட்ஸ் ஒரு கிலோமீட்டரை எட்டக்கூடும். தொலைவு கூடும்போது அடுக்குகளும் தடிமனாகிவிடும், நுணுக்கம் குறையும். நீர் மிகத் தெளிவாக இருந்தால் எதிரொலிக்கத் துகள்கள் போதாமல் இந்த எல்லைகள் சுருங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மின்சாரம்: எங்கிருந்து எடுக்கிறது என்று தெரியுமா?

பரவலாகப் பயன்படும் டெலிடைன் ஆர்டிஐ நிறுவனத்தின் வொர்க்ஹார்ஸ் வகையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். மற்ற தயாரிப்புகளில் எண்களும் கட்டளைகளும் மாறும், காரணங்கள் மாறாது. இது 20 முதல் 50 வோல்ட் வரையிலான நேர்மின்சாரத்தில் வேலை செய்யும். தனித்தியங்கும் மாதிரிக்கு உள்ளே பேட்டரிக் கட்டு வைக்கிறோம். 28 டி அளவு ஆல்கலைன் செல்கள், ஒவ்வொன்றும் 1.5 வோல்ட். புதிதாக இருக்கும்போது மொத்தம் 42 வோல்ட்.

இங்கேதான் ஓசைப்படாமல் ஒரு பொறி இருக்கிறது. வெளி அடாப்டரும் உள் பேட்டரியும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால், எதன் வோல்ட் அதிகமோ அதிலிருந்தே கருவி மின்சாரம் எடுக்கும். 24 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டு, பேட்டரியைச் சேமிக்கிறோம் என்று நிம்மதியாக நாள் முழுவதும் சோதனை செய்துகொண்டிருப்போம். உண்மையில் கரைந்துகொண்டிருப்பது 42 வோல்ட் பேட்டரிதான். எனவே மேசைச் சோதனைகளின்போது பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவைப்பது நல்லது. இல்லையேல் அதைவிட உயர்ந்த வோல்ட் தரும் அடாப்டரைப் பயன்படுத்துங்கள்.

பேட்டரி மாற்றக் கருவியைத் திறந்தால் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பார்க்காமல் மூடக் கூடாது. காடியைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, ஓ-ரிங்கை விரல்களுக்கிடையே மெதுவாக உருட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலும் விரலுக்குத் தட்டுப்படும். சிலிகான் கிரீஸ் மினுமினுக்கும் அளவுக்கு மெல்லியதாகப் போதும். ஒரே ஒரு தலைமயிர் ஓ-ரிங்கின் குறுக்கே கிடந்தாலும் அதன் வழியே தண்ணீர் உள்ளே போய்விடும். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

எழுப்புதல்

கேபிளைக் கணினியின் சீரியல் போர்ட்டில் இணைத்து, கட்டளை தட்டச்சு செய்யும் டெர்மினல் மென்பொருளில் தரவுப் பரிமாற்ற வேகத்தை 9600 பாட் என்று அமைத்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். ஒன்றும் நடக்காதது போலத் தோன்றலாம். பயப்பட வேண்டாம். கருவி உறங்குகிறது. அதை எழுப்ப பிரேக் என்ற சமிக்ஞை அனுப்ப வேண்டும். இது எழுத்து அல்ல. இணைப்புக் கம்பியைச் சிறிது நேரம் ஒரே நிலையில் பிடித்து வைப்பது. தூங்குபவரின் தோளைத் தொட்டு உலுக்குவது மாதிரி. உடனே திரையில் கருவியின் பெயரும் பதிப்பு எண்ணும் வரும். அதன் கீழே > என்ற குறி நின்று உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும்.

குப்பை எழுத்துகள் வந்தால் பாட் வேகம் பொருந்தவில்லை. எதுவுமே வராவிட்டால் மின்சாரத்தைச் சரிபார்த்துவிட்டு, இணைப்பு ஆர்எஸ்-232 வகையா ஆர்எஸ்-422 வகையா என்று பாருங்கள். கருவியும் கேபிளின் மறுமுனையும் ஒரே வகையில் இருக்க வேண்டும். எழுந்த பிறகு ஐந்து நிமிடம் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது மீண்டும் தூங்கிவிடும். பழுது என்று நினைக்க வேண்டாம், பேட்டரியைக் காக்கத்தான் அப்படிச் செய்கிறது.

இப்போது சோதனைகள். எனக்கு மிகவும் பிடித்தது பிசி1 (PC1) என்ற கட்டளை. கருவி ஒரு கற்றையின் எண்ணைச் சொல்லி, அதைத் தேய்க்கச் சொல்லும். உள்ளங்கையால் அந்த வட்ட முகத்தைக் கரகரவென்று தேய்த்தால், தோல் உரசும் சத்தமே டிரான்ஸ்டியூசருக்குப் போதும். கேட்டுவிட்டது என்று திரையில் பதில் வரும். பிறகு அடுத்த கற்றை. நான்கு காதுகளும் கேட்கின்றன என்று கையாலேயே தெரிந்துகொள்ளும் அந்தக் கணத்தில் கருவி மீது ஒரு நம்பிக்கை பிறக்கும். பிசி2 (PC2) கட்டளை கொடுத்தால் திசை, சாய்வு, வெப்பநிலை எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். கருவியை ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள், எண் மாற வேண்டும். உணரியின் அருகே கையை வையுங்கள், வெப்பநிலை மெல்ல ஏற வேண்டும். முழுச் சோதனையான பிஏ-வை (PA) மட்டும் அசையாத நீர் நிரம்பிய வாளியில் முகங்களை மூழ்கவைத்துச் செய்வது முறை. காற்றில் செய்தால் சில உறுப்புகள் தேறவில்லை என்று வீணாகப் பயமுறுத்தும்.

டிரான்ஸ்டியூசர் முகங்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பது மென்மையான பாலியுரித்தேன் பூச்சு. சொரசொரப்பான தரையில் முகம் குப்புற வைத்தால் கீறும். நெடுநேரம் வெயிலில் விட்டால் வெடிக்கும்.

திசைகாட்டி, கடிகாரம், உப்பு

கற்றைகள் சொல்வது கருவியைப் பொறுத்த வேகம். அதை வடக்கு, கிழக்கு என்று மாற்றுவது உள்ளே இருக்கும் காந்தத் திசைகாட்டி. பேட்டரி செல்களின் உறை எஃகு. ஆகவே பேட்டரி மாற்றிய ஒவ்வொரு முறையும், அந்தப் பேட்டரி உள்ளே இருக்கும்போதே திசைகாட்டியை அளவுதிருத்தம் செய்ய வேண்டும். கருவியைக் கடலுக்குள் கொண்டுபோகும் சட்டத்திலேயே வைத்து, இரும்பு, வாகனம், கப்பல் தளம் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி, மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும்.

ஒருமுறை அளவுதிருத்தத்தை ஒழுங்காக முடித்துவிட்டு, கடைசி நேரத்தில் புதுப் பேட்டரி மாற்றினோம். நேரம் இல்லை என்று மீண்டும் சுற்றவில்லை. தரவு வந்தபோது, குறுகலான கால்வாயில் ஓதம் நீளவாக்கில் ஏறி இறங்குவதற்குப் பதிலாக, ஏறத்தாழ 15 டிகிரி விலகிக் கரையை நோக்கி ஓடுவதாகக் காட்டியது. கால்வாயின் போக்கு தெரிந்ததால் தப்பித்தோம், திருப்பிச் சரிசெய்தோம். திறந்த கடலாக இருந்திருந்தால் அந்தப் பிழை இருப்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது. இன்றும் அதை நினைத்தால் மனம் பதைக்கிறது.

காந்த வடக்குக்கும் புவி வடக்குக்கும் உள்ள விலக்கத்தைக் கருவியிலேயே கொடுக்கலாம், பின்னால் கணக்கிடும்போதும் சேர்க்கலாம். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் செய்து, செய்ததைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். இரண்டு இடத்திலும் செய்து பிழையை இரட்டிப்பாக்கியவர்கள் உண்டு. கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வையுங்கள்.

உப்புத்தன்மை ஏன் முக்கியம்? வேகக் கணக்கு முழுவதும் ஒலியின் வேகத்தில் தொங்குகிறது. 1826-இல் கொலாடனும் ஸ்டர்மும் ஜெனீவா ஏரியில் இரண்டு படகுகளை வைத்து, நீருக்கடியில் மணி அடித்து, 8 டிகிரி வெப்பநிலையில் நொடிக்கு 1435 மீட்டர் என்று கண்டார்கள். அது நன்னீர், குளிர்ந்த நீர். 20 டிகிரியில் நன்னீரில் ஒலியின் வேகம் சுமார் 1482 மீட்டர். அதே வெப்பநிலையில், ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள கடல்நீரில் சுமார் 1521. வெப்பநிலையைக் கருவி தானே அளந்துகொள்ளும். உப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆற்றில் இறக்கிவிட்டு உப்பு 35 என்று விட்டுவிட்டால் எல்லா வேகங்களும் இரண்டரை விழுக்காட்டுக்கு மேல் கூடிக் காட்டும்.

வேலை சொல்லுதல்

அமைப்புகளைத் தொடங்கும் முன் சிஆர்1 (CR1) கொடுத்துத் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்புங்கள். முன்பு யாரோ எதற்காகவோ மாற்றிவைத்தது உள்ளே ஒளிந்திருக்கலாம். பிறகு அடுக்கின் தடிமன், அடுக்குகளின் எண்ணிக்கை, எத்தனை நிமிடத்துக்கு ஒரு பதிவு, ஒவ்வொரு பதிவிலும் எத்தனை பிங் என்பதைக் கொடுக்க வேண்டும்.

பிங் எண்ணிக்கைதான் துல்லியத்தின் திறவுகோல். ஒரே பிங்கில் கிடைக்கும் வேகம் ஆட்டம் நிறைந்தது. அந்த ஆட்டம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் என்றால், 100 பிங்குகளின் சராசரியில் அது 1 சென்டிமீட்டராகக் குறையும். ஆட்டம் பிங் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுபடுகிறது. ஆகவே பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு பிங் வேண்டும். பேட்டரிச் செலவும் ஏறத்தாழ அதே கணக்கில் ஏறும். நினைவகம் பெரும்பாலும் பிரச்சினையே அல்ல. 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் 90 நாளில் 8640 பதிவுகள். 50 அடுக்குகளுக்கு ஒரு பதிவு ஒரு கிலோபைட்டைச் சற்றுத் தாண்டும். மொத்தம் பத்து மெகாபைட் அளவுதான். முதலில் தீர்ந்துபோவது பேட்டரி. குளிர்ந்த நீரில் அது இன்னும் விரைவாகத் தீரும்.

அடுக்குகளைத் திட்டமிடும்போது இரு முனைகளையும் விட்டுவிடுங்கள். பிங் அனுப்பிய உடனே டிரான்ஸ்டியூசர் அடித்த மணியைப் போல அதிர்ந்துகொண்டிருக்கும், அது அடங்கும்வரை எதையும் கேட்க முடியாது. 600 கிலோஹெர்ட்ஸில் இது ஏறத்தாழ ஒரு மீட்டர். மறுமுனையில், கடலடியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் கருவிக்கு நீர்மட்டம் ஒரு கண்ணாடி. முதன்மைக் கற்றையிலிருந்து பக்கவாட்டில் கசியும் ஒலி நேராக மேலே போய், பலத்த எதிரொலியாகத் திரும்பி, உண்மையான எதிரொலியை மூழ்கடித்துவிடும். 20 டிகிரிக் கற்றைகளுக்குக் கடைசி 6 விழுக்காடு தூரம் இப்படிக் கெட்டுப்போகும். 50 மீட்டர் ஆழத்தில் மேலிருந்து 3 மீட்டர். அந்த அடுக்குகளில் எண்கள் வரும், பார்க்க அழகாகவும் இருக்கும். நம்பக் கூடாது.

எல்லாம் கொடுத்தபின் சிகே (CK) அமைப்புகளைச் சேமிக்கும், சிஎஸ் (CS) வேலையைத் தொடங்கச் செய்யும். சிஎஸ் கொடுத்த பிறகு விசைப்பலகையைத் தொடாதீர்கள். கேபிளைக் கழற்றும்போது ஆட்டி அசைக்காமல் நேராக இழுங்கள். உடனே மூடி அடைப்பானைச் செருகுங்கள்.

பிறகு டிரான்ஸ்டியூசர் முகத்தின் அருகே காதைக் கொண்டுபோங்கள். சுற்றிலும் அமைதியாக இருந்தால் ஒவ்வொரு பிங்குக்கும் மெல்லிய டிக் என்ற சத்தம் கேட்கும். கருவி உயிரோடு இருக்கிறது என்பதற்கு நீங்கள் பெறும் கடைசிச் சாட்சி அது. முதல் பிங் குறிப்பிட்ட நேரத்தில்தான் தொடங்க வேண்டும் என்று அமைக்கவும் முடியும். ஆனால் இறக்குவதற்கு முன்பே தொடங்கும்படி வைப்பதையே நான் விரும்புகிறேன். சில நிமிடப் பிங்குகள் வீணாவது பெரிதல்ல, டிக் சத்தம் கேட்காமல் கருவியைக் கடலுக்குள் விடுவதற்கு மனம் வராது. தொலைதூரம் பார்க்கும் பெரிய, சக்தி மிகுந்த கருவிகள் இதற்கு விதிவிலக்கு. அவை காற்றில் பிங் செய்தால் கெட்டுப்போகலாம் என்பதால் கையேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

திரும்பி வந்த பிறகு

மாதங்கள் கழித்து, சிப்பிகளும் பாசியும் போர்த்திய உருவில் கருவி மேலே வரும். நன்னீரில் கழுவுங்கள், முகங்களைச் சுரண்டாதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் பேட்டரியோடு சேர்ந்து வாயு உண்டாகி அழுத்தம் ஏறியிருக்கலாம். ஆகவே திறக்கும்போது முகம் நேரே வராமல் விலகி நின்று, எந்த ஒரு போல்ட்டையும் முழுதாகக் கழற்றாமல் எல்லாவற்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. கேபிளை இணைத்து, பிரேக் அனுப்பி, கருவியின் கடிகாரம் என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். அதே கணத்தில் சரியான நேரத்தையும் பார்த்து, இரண்டையும் குறிப்பேட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பல மாதத்தில் கருவியின் கடிகாரம் சற்று முந்தியோ பிந்தியோ போயிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் அந்த வித்தியாசத்தை மீண்டும் பெற முடியாமல் போகலாம். எழுதி முடித்த பிறகு தரவை இறக்குங்கள், இரண்டு இடங்களில் நகலெடுங்கள், ஒரு நகலைத் திறந்து முதல் பதிவும் கடைசிப் பதிவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கருவியின் நினைவகத்தை அழிக்க இன்னும் நேரம் இருக்கிறது.